நொய்யல் கரையில் ஒரு பின்னல் நகரம்

தமிழ்நாட்டில் பெயர் பெற்று விளங்கும் நகரங்களின் பூர்வ சரித்திரத்தை விசாரிக்கப் புகுந்தால், ஓர் அரசன் கட்டிய கோட்டையோ, பாடல் பெற்ற பெருங்கோயிலோ, கப்பல் வந்து தங்கிய துறைமுகமோ அவற்றின் அடித்தளமாக இருக்கக் காண்போம். திருப்பூருக்கு இவற்றில் எதுவும் முதலாக அமையவில்லை. கோட்டை கொத்தளம் இல்லை, சுந்தரர் பதிகம் பெற்ற திருத்தலம் சில மைல் தள்ளி அவிநாசியில் இருக்கிறது, கடலோ நெடுந்தொலைவு. தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடர் மறித்துக்கொள்ள, அதன் கிழக்கே மழை நிழலில் கிடக்கும் வறண்ட மேட்டுநிலம் இது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரைக் கடந்து, இவ்வூரை ஊடறுத்துச் சென்று, முடிவில் காவிரியோடு கலக்கும் நொய்யல் ஆறு ஒன்றுதான் இயற்கை இதற்கு அளித்த சொத்து. இவ்வளவு குறைகளையும் வைத்துக்கொண்டு, அரசாங்கம் திட்டமிட்டு நிர்மாணித்த பெரும் ஆலை எதுவும் இல்லாமலே, வெளியூர்ப் பெருமுதலாளி எவரும் வந்து குடியேறாமலே, இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஓர் ஊர் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது என்றால், அதன் காரணத்தை ஆராய்வது வெறும் ஊர்ப்பெருமை பேசுவதாகாது. வேளாண்மைக் குடியில் பிறந்த ஒரு ஜன சமூகம் தன் கையுழைப்பையும் சுற்றத்தாரின் நம்பிக்கையையும் மூலதனமாக வைத்து எப்படி ஒரு நகரத்தை எழுப்பிற்று என்பதும், எழுப்பும்போது எதை விலையாகக் கொடுத்தது என்பதும் அந்த ஆராய்ச்சிக்குள் அடங்கியவை.

இந்த ஆற்றங்கரைக்குத் தொழிலும் தூரதேச வியாபாரமும் புதியவை அல்ல. திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைக்கு அணித்தாக, நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்றொரு கிராமம் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்பெறும் ஊர் இதுவே என்பது அறிஞர்களின் துணிபு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் இங்கு நடத்திய அகழாய்வுகளில், பளிங்கும் சூதுபவளமும் பச்சைக்கல்லும் மணியாகத் தீட்டப்பெற்ற தொழிற்கூடங்களின் எச்சங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும், அவற்றோடு நூல் நூற்ற தக்களிகளும் வெளிப்பட்டன. பக்கத்துப் படியூரின் பச்சைக்கல் ரோமாபுரி வரை போயிற்று. ஆயினும், இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியைத் தாண்டிக் கொடுமணலின் மணிக்கூடத்திலிருந்து இன்றைய பனியன் கம்பெனிக்கு நேர்கோடு இழுக்கும் வழக்கத்தை நான் ஒப்பமாட்டேன். நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள் இந்தப் பூமி சோளமும் கம்பும் விளைவித்துக் காங்கயம் மாடுகளை வளர்த்துக்கொண்டு, உலகத்தின் கண்ணில் படாமல் இருந்தது.

நமக்கு வேண்டிய சரித்திரம் பருத்தியில் தொடங்குகிறது. கொங்குநாட்டு விவசாயி ஆழக் கிணறு வெட்டி, கவலை பூட்டித் தோல் சாலில் நீரிறைத்துத் தோட்டம் செய்கிறவன். மழையை நம்பிய காட்டில் அவன் கருங்கண்ணிப் பருத்தியை விதைத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இந்த ஜில்லாவுக்கு அறிமுகமானபோது, கிணற்றுப் பாசனத்துக்கு மிகவும் இசைந்த அந்த நீளிழைப் பயிர் தோட்டங்களை விரைவாகப் பற்றிக்கொண்டது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற இருப்புப்பாதை 1860-களிலேயே திருப்பூரைத் தொட்டிருந்தது. கோயம்புத்தூரில் 1888-இல் முதல் நூற்பாலை எழுந்திருந்தது. காங்கயம், தாராபுரம், பல்லடம், அவிநாசிப் பக்கங்களிலிருந்து பருத்தி ஏற்றிவரும் மாட்டுவண்டிகளுக்கு, ரயில் நிலையமும் சந்தையும் ஒருங்கே அமைந்த திருப்பூர் இயல்பான தங்குமிடமாயிற்று. கொட்டையை நீக்கிப் பஞ்சைப் பிரிக்கும் ஜின்னிங் மில்களும், பஞ்சை அழுத்திப் பேல் கட்டும் ஆலைகளும் இங்கே எழுந்தன. பருத்தி விற்பனையை ஒழுங்குபடுத்தச் சென்னை மாகாண அரசாங்கம் 1933-இல் ஒரு சட்டம் இயற்றி, அதன்படி மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறைச் சந்தையை 1936-இல் திருப்பூரில் அமைத்தது. விளைவித்தவனுக்கு எடையும் விலையும் வெளிப்படையாகத் தெரியவேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். அதை முதன்முதலில் பரீட்சிக்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலிருந்தே இங்கு நடந்த பருத்தி வியாபாரத்தின் பருமனை ஊகித்துக்கொள்ளலாம்.

பருத்தியை ஒட்டிக் கதர் வந்தது. 1925-இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. காந்தியடிகளும் ஒரு முறைக்கு மேற்பட்டு இங்கு வந்து தங்கிச் சென்றார். அதற்கு முன்பே, 1922-இல், தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாகாண மாநாடு இங்கே கூடியதும், எல்லாச் சாதியாருக்கும் கோயில் நுழைவு வேண்டும் என்று அதில் ஈ.வெ.ராமசாமி கடுமையாக வாதாடியதும் தேசிய இயக்கத்தின் சரித்திரத்தைப் படித்தவர்கள் அறிந்தவை. கதர் அலுவலகத்தின் அன்றாட வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். அலுவலகத்திலிருந்து பஞ்சு கிராமத்துக்குப் போகும். அங்கே வீட்டுத் திண்ணையில் பெண்கள் அதை நூலாக நூற்பார்கள். நூலை எடைபோட்டு வாங்கிக் கூலி கொடுத்து, அந்த நூல் வேறொரு கிராமத்து நெசவாளனிடம் ஒப்படைக்கப்படும். நெய்த துணி சலவைக்கும் சாயத்துக்கும் போய், கடைசியில் வஸ்திராலயத்தை அடையும். சரக்கு ஒருவருடையதாகவும், வேலை பலருடையதாகவும், ஒவ்வொரு கட்டத்திலும் எடையும் கணக்கும் நம்பிக்கையும் கைமாறுவதாகவும் அமைந்த முறை இது. பிற்காலத்துத் திருப்பூர் ஜாப் ஒர்க் என்ற பெயரால் உலகப் பிரசித்தி பெற்ற முறைக்கு ஊர் ஜனங்கள் பெற்ற முதற்பயிற்சி கதரில்தான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்துத் திருப்பூரின் முகமாக நாட்டு ஜனங்களின் மனத்தில் நிலைத்துவிட்டவர் குமரன். 1904-இல் சென்னிமலையில் நெசவுக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், கைத்தறி வருமானம் போதாமையால் திருப்பூருக்கு வந்து பஞ்சு மில்லில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். தறியை விட்டு மில்லை நாடி வந்த அக்காலத்து இளைஞர் பலரில் அவரும் ஒருவர். 1932-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி, தடையை மீறிக் கொடியேந்திச் சென்ற சிறு ஊர்வலத்தின்மீது போலீஸார் தடியடி நடத்தியபோது, மண்டை பிளந்து வீழ்ந்தும் கையிலிருந்த கொடியை அவர் விடவில்லை. மறுநாள் உயிர் துறந்தார். கொடிகாத்த குமரன் என்று நாம் அவரைப் போற்றுகிறோம். அத்தகைய கொடிகளுக்கு வேண்டிய கதர் இந்த ஊரிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தத் தியாகத்தின் சூழ்நிலை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

கதர் ஓங்கியிருந்த அதே ஆண்டுகளில், அதிகச் சத்தமில்லாமல் இன்னொரு தொழில் ஊருக்குள் நுழைந்தது. கல்கத்தாவில் கிதிர்ப்பூர்ப் பக்கத்தில் 1893-இலேயே பனியன் பின்னும் தொழிற்சாலை ஏற்பட்டிருந்தது. அந்நகரத்திலிருந்து கையால் சுற்றும் இயந்திரங்களை வரவழைத்து, 1925-ஆம் ஆண்டளவில் குலாம் காதர் என்னும் முஸ்லிம் வியாபாரி ‘பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்’ என்ற பெயரில் திருப்பூரின் முதல் பனியன் கம்பெனியை ஆரம்பித்தார். தறித்துணிக்கும் பின்னல் துணிக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. தறியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன; பின்னலிலோ ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கி, உடம்போடு ஒட்டிக்கொண்டு, வியர்வையையும் உறிஞ்சும் குணம் அந்தக் கண்ணிகளால் வருவது. 1589-இல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டத்தைக் கண்டுபிடித்த நாள்முதல் இந்த ஒரு தத்துவத்தைத்தான் உலகத்தின் பின்னல் இயந்திரங்கள் எல்லாம் பற்றி நிற்கின்றன.

திருப்பூர் கையாண்டது வட்ட இயந்திரம். உருளையின் விளிம்பைச் சுற்றி நூற்றுக்கணக்கான கொக்கி ஊசிகள் செங்குத்தாக நிற்க, மேலே கோன்களிலிருந்து இறங்கும் நூலை அவை ஒவ்வொன்றாக எழுந்து கவ்வி, பழைய கண்ணியைக் கழற்றிப் புதிய கண்ணியை இழுத்துக்கொள்ள, உருளையின் அடியில் துணி குழாய் வடிவாகவே இறங்கிச் சுருண்டுகொள்ளும். பழைய பனியனுக்குப் பக்கத் தையல் கிடையாது என்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். குழாயாக வந்த துணியை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, கழுத்துக்கும் கைக்கும் வழிவிட்டு, ஓரம் மடித்துத் தைத்துவிட்டால் பனியன் ஆயிற்று. ஆகையால் மார்பளவு ஒவ்வொன்றுக்கும் ஏற்ற விட்டமுள்ள தனித்தனி உருளைகள் வேண்டும். 75 சென்டிமீட்டர் பனியனுக்கு ஓர் இயந்திரம், 80-க்கு ஒன்று, 85-க்கு இன்னொன்று என்று வரிசையாக வைத்திருந்தவன்தான் கம்பெனிக்காரன். எல்லா அளவும் வைத்துக்கொள்ள வகையில்லாதவன், தன்னிடம் இல்லாத அளவைப் பக்கத்துக் கம்பெனிக்காரனிடம் கூலிக்குப் பின்னி வாங்கிக்கொள்வான். ஒருவரை ஒருவர் சார்ந்து தொழில் செய்யவேண்டிய நிர்ப்பந்தம் இயந்திரத்தின் வடிவத்திலேயே அடங்கியிருந்தது.

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாரா மின்சாரம் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்ததும் கைச்சுற்று இயந்திரங்கள் மோட்டாருக்கு மாறின. சேலத்திலும் மதுரையிலும் பனியன் தொழில் அப்போது நடந்துவந்தது. அவ்வூர்களில் தொழிலாளர் தகராறுகள் வலுத்தது திருப்பூருக்கு அனுகூலமாயிற்று. 1942-இல் 34 கம்பெனிகள் இருந்தன; 1961-இல் அவை 230 ஆயின. 1956-இல் தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர் சங்கம் தோன்றியது. அந்நாளைய கம்பெனிகள் பின்னுவது முதல் பெட்டியில் அடுக்குவது வரை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்தவை. உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியனும் ஜட்டியும் செய்தவை. முதலாளிகள் முஸ்லிம்கள், செட்டியார்கள், முதலியார்கள் எனப் பல வகுப்பினர்.

இதற்குப்பின் நேர்ந்த மாறுதலே திருப்பூரைத் தனித்துக் காட்டுவது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கிணறு வற்றியும் நிலம் பங்காகித் துண்டுபட்டும் சிரமப்பட்ட கொங்குக் கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் கவுண்டர் குடும்பங்களைச் சேர்ந்த பையன்கள் பனியன் கம்பெனிகளில் கைமடிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். கைமடிப்பது என்றால், தைப்பவனுக்குத் துணியை மடித்து எடுத்துக் கொடுப்பது. அந்த எடுபிடி வேலையில் இருந்துகொண்டே இயந்திரத்தின் சூட்சுமங்களைக் கண்ணால் பழகி, டெய்லராகி, கட்டிங் மாஸ்டராகி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து, ஊரிலுள்ள நிலத்தை அடமானம் வைத்தோ மாமன் மைத்துனரிடம் கைமாற்று வாங்கியோ நாலு தையல் இயந்திரம் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நீண்ட மேசையின் அடியில் ஒரே மோட்டார் சுழற்றும் தண்டிலிருந்து பல தையல் இயந்திரங்களை ஓட்டும் ‘பவர் டேபிள்’ இவர்களுக்கு வாய்த்த பெரிய உபகாரம். அந்தப் பெயரே பின்னர் அத்தகைய தையல் கூடங்களுக்கும் பெயராயிற்று. இவ்வூர் முதலாளிகளை விரிவாக ஆராய்ந்து சரத் சாரி எழுதி 2004-இல் வெளியான நூல், அவர்களில் கணிசமான பகுதியினர் இவ்வாறு தொழிலாளராக வாழ்வைத் தொடங்கியவர்கள் என்பதை எடுத்துக்காட்டி, அறிவுலகத்தின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பிற்று. தம் வெற்றிக்குக் காரணம் கேட்டால் இவர்கள் படிப்பையோ பணத்தையோ சொல்வதில்லை, உழைப்பைச் சொல்வார்கள். அது உண்மை. அடமானத்துக்கு நிலமும் ஜாமீனுக்கு உறவும் இருந்ததும் உண்மை. ஒரே கம்பெனியில் ஒரே மேசையருகில் கைமடித்த பையன்களில், நிலமற்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், முக்கியமாகத் தலித் பையன்கள், இந்த ஏணியில் ஏறியது மிக அபூர்வம்.

1984-இல் பஞ்சப்படி கோரித் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. கூலியேற்றம் கிடைத்தது, ஆனால் பெரிய கம்பெனி வைத்து நூற்றுக்கணக்கானவரை ஒரே இடத்தில் சேர்த்து நிர்வகிப்பதைவிட வேலையைப் பிரித்து வெளியே கொடுப்பதே மேல் என்ற முடிவுக்கு முதலாளிகள் வருவதை அது துரிதப்படுத்திற்று. பின்னலாடைத் தொழிலைச் சிறுதொழிலுக்கென ஒதுக்கி வைத்திருந்த அரசாங்கக் கொள்கையும் அதே திசையில் தள்ளியது. அன்றுமுதல் ஒரு டி-ஷர்ட் செய்யும் பிரயாணத்தைப் பின்தொடர விரும்புகிறவன் ஊர் முழுவதும் நடக்கவேண்டும். ஆர்டர் பெற்றவர் ஓரிடத்தில் நூல் வாங்குவார். நிட்டிங் ஒரு தெருவில். பின்னிய துணி சாயப்பட்டறைக்கு ஆற்றங்கரைப் பக்கம் போகும். நனைந்து முறுகிவந்த துணியை அகலம் பிடித்து அழுத்திக் கொடுக்கும் காம்பாக்டிங் வேறொரு கட்டடத்தில். பிரிண்டிங் இன்னொருவர், எம்பிராய்டரி மற்றொருவர். கட்டிங் மேசையில் பல மடிப்பாக அடுக்கி, கட்டிங் மாஸ்டர் மார்க்கர் வைத்து ஒரே வெட்டில் அறுத்த துண்டுகள் மூட்டையாகக் கட்டப்பட்டு மொபெட்டில் ஏறிப் பவர் டேபிளுக்குப் போகும். அங்கே ஓவர்லாக் இயந்திரம் ஓரத்தை வெட்டிக்கொண்டே இணைக்கும். பிளாட்லாக் கீழ் மடிப்பைத் தைக்கும். செக்கிங் மேசையில் பெண்கள் ஒவ்வொரு உருப்படியையும் வெளிச்சத்தில் உள்ளும் புறமும் திருப்பி, நூல் பிசிரை வெட்டி, ஒரு கண்ணி விட்டிருந்தாலும் எண்ணெய்ப்புள்ளி பட்டிருந்தாலும் தனியே ஒதுக்குவார்கள். வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளும் வீணாவதில்லை. பனியன் வேஸ்ட் என்ற பெயரில் நிறம் பிரித்து எடைக்கு விற்கப்பட்டு, ஒரு பகுதி இயந்திரம் துடைக்கவும், மற்றது மீண்டும் பஞ்சாகிக் கழிவு நூலாகவும் போகிறது. ஏற்றுமதிக்குத் தேறாத சரக்கோ ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்துசேரும். இத்தனை கைமாற்றத்துக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் அநேகமாக இருப்பதில்லை. சரக்குடன் வரும் ஒரு டெலிவரி சீட்டும், டெலிபோனில் சொன்ன வாக்கும் போதும்.

வெளிநாட்டு வியாபாரம் 1978-இல் பிறந்தது. வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதி வியாபாரிகளின் மூலம் வெள்ளை டி-ஷர்ட் வாங்கத் திருப்பூருக்கு வந்தார். 1981-இல் ஐரோப்பாவின் பெரிய கடைத்தொடரான சி அண்ட் ஏ தொடர்ந்தது. உலக ஜவுளி வியாபாரத்தை 1974 முதல் கட்டுப்படுத்திவந்த கோட்டா முறையின் கீழ் ஒவ்வொரு தேசத்துக்கும் அளவு பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இந்தியாவின் பங்கைத் திருப்பூர் நிரப்பத் தொடங்கியது. 1990-இல் ஏ. சக்திவேல் தலைமையில் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் நிறுவப்பட்டது. 1980-களின் நடுவில் சில கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி, 2022-23-இல் 34,000 கோடியைத் தாண்டியது. 2005 ஜனவரியில் கோட்டா ஒழிந்தபோது சீனத்தின் முன் திருப்பூர் நிற்காது என்று பலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் மெய்யாகவில்லை. சில ஆயிரம் உருப்படிக்கு ஆர்டர் கொடுத்தாலும் நிறம் நிறமாக, அளவளவாகப் பிரித்துச் செய்து கொடுக்கச் சிறு கம்பெனிகள் நிறைந்த ஊரால் முடிந்தது.

இந்த இடத்தில் தூரதேசத்து ஊர் ஒன்றை நினைக்கிறேன். ஜப்பானில் ஒசாகாவுக்குத் தெற்கே வாக்கயாமா என்னும் நடுத்தரத் தொழில்நகரம் உண்டு. மெய்ஜி சக்கரவர்த்தியின் காலத்தில் பருத்திப் பிளானல் துணிக்குப் பெயர்பெற்று, பின்னர் வட்டப் பின்னல் துணியில் அந்தத் தேசத்தின் முதன்மை ஸ்தானத்தை அடைந்த ஊர். சிறு சிறு குடும்பக் கம்பெனிகளும், தலைமுறையாகக் கைவந்த நுட்பமும், அண்டை வீட்டுக்காரனோடு போட்டியும் ஒத்தாசையும் கலந்த உறவுமாக அது திருப்பூருக்குச் சகோதரி என்றே சொல்லலாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1962-இல் மசாஹிரோ ஷிமா என்பவர் அங்கே நிறுவிய ஷிமா செய்கிக் கம்பெனி, கையுறை பின்னும் இயந்திரத்தில் ஆரம்பித்து, 1995-இல் தையலே இல்லாமல் ஆடை முழுவதையும் பின்னி எடுக்கும் இயந்திரத்தை உலகுக்குக் காட்டியது. வாக்கயாமா துணியோடு இயந்திரத்தையும் செய்தது. திருப்பூரின் தையல் கூடத்துக்குள் சென்று பார்த்தால் ஜூகி, யமாட்டோ, பெகாசஸ் என்று ஜப்பானியப் பெயர்களே கண்ணில் படும். உயர்தரப் பின்னல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் வருகின்றன. எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டி ஓட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் நிறைந்த ஊர், மோட்டாரும் பம்பும் ஜவுளி இயந்திரமும் செய்யும் கோயம்புத்தூரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டும், தனக்கு வேண்டிய இயந்திரத்தைத் தானே செய்ய முனையாமல் நூறாண்டைக் கழித்துவிட்டது. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

அதைவிடப் பெரிய குறை ஆற்றில் விளைந்தது. வெள்ளைப் பனியன் காலத்தில் வெளுப்புக்கு மட்டும் நீர் வேண்டியிருந்தது. ஏற்றுமதி வந்ததும் நிறம் வந்தது. பருத்தியோடு கெட்டியாகப் பிணையும் ரியாக்டிவ் சாயம் துணியில் ஏறுவதற்கு, சாயத்தொட்டியின் நீரில் லிட்டருக்கு 50 கிராம் முதல் அடர்நிறத்துக்கு 100 கிராம் வரை உப்பைக் கரைக்கவேண்டும். சாயம் துணிக்குப் போகும்; உப்பு முழுவதும் கழிவுநீரிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டு நிறத்தைத் தெளியவைக்கலாம், உப்பை எடுக்க இயலாது. உள்ளூர் நீர் இதற்கு உதவாமற் போனபோது, சுற்றுக் கிராமத்து விவசாயிகள் தங்கள் கிணற்று நீரை டேங்கர் லாரிகளுக்கு விற்றார்கள். அந்த நீர் சாயப்பட்டறைக்குள் போய் உப்பும் நிறமுமாக நொய்யலில் இறங்கி, கீழ்க்கரை விவசாயியின் கிணற்றுக்குள் ஊறிற்று. 1990-களின் தொடக்கத்தில் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. பாசனத்துக்குத் திறக்க முடியாத அணை. திறந்தால் பயிர் கருகும், திறக்காவிட்டால் சுற்றிலும் நிலத்தடி நீர் கெடும். தென்னை காய்ந்தது; மாடு அந்த நீரைக் குடிக்க மறுத்தது.

எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளில் எதனுடைய கழிவு அணையை நிரப்பிற்று என்று யார் சொல்ல முடியும்? வேலையைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தபோது பொறுப்பும் பிரிந்து, முடிவில் ஒருவர் கையிலும் தங்காமற் போயிற்று. ஆர்டர் கொடுத்த அந்நியக் கம்பெனிக்குச் சாயப்பட்டறையைத் தெரியாது. ஏற்றுமதியாளருக்கு அது ஜாப் ஒர்க். பட்டறைக்காரருக்கோ கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலியில் சுத்திகரிப்புச் செலவு அடங்கவில்லை. நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம் அமைத்து உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2009-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரின் தொழிலே ஸ்தம்பித்தது. சிறு பட்டறைக்காரர் பலர் திரும்ப எழவேயில்லை. மற்றவர்கள் அரசாங்கக் கடனுதவியோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் புதுப்பித்து, சவ்வுகளின் வழியே நீரை அழுத்திப் பிரித்து, மிஞ்சிய செறிவை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மறுபடி சாயத்தொட்டிக்கே கொண்டுவரும் ஏற்பாட்டைச் செய்தார்கள். இவ்வளவு பெரிய ஜவுளித் தொகுதி ஒன்று, கூட்டாகக் கழிவே வெளியேற்றாத முறைக்கு மாறியது உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைப்பதன்று. அதற்காக ஊரைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறைகள் இன்றும் அவ்வப்போது பிடிபடுகின்றன என்பதையும் ஒளிக்கக்கூடாது. ஊருக்கு வடபுறத்து நஞ்சராயன் குளத்துக்குப் பறவைகள் வருகின்றன. 2024-இல் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. ஒரத்துப்பாளையத்தைச் சுற்றியுள்ள மண்ணிலோ உப்பு இன்னும் தங்கியிருக்கிறது.

ஊரின் ஜனத்தொகையும் முகமும் மாறிவிட்டன. 2008-இல் மாநகராட்சியாகவும் 2009-இல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் உயர்ந்த திருப்பூருக்கு, தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் வந்தன. பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் இளைஞர்கள் ரயில் ரயிலாக வந்தார்கள். கைமடிக்கும் குழந்தைகளை அந்நிய வியாபாரிகளின் கட்டாயத்தால் ஏற்றுமதிக் கம்பெனிகள் வெளியேற்றின, அது நல்லதே. ஆனால் சுற்றியுள்ள நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரால், கலியாணச் செலவுக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையில், ஏழைப் பெண்கள் மூன்று ஆண்டு ஹாஸ்டலில் அடைபட்டுக் குறைந்த கூலிக்கு வேலை செய்த கொடுமை நெடுநாள் நீடித்தது. ஒன்றரை ஷிப்டு வேலை, காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை என்பது, இன்றும் இந்த ஊரின் சாதாரண நாளாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின்மீது 50 சதவீதச் சுங்கம் விதித்தபோது ஆர்டர்கள் நின்றன. அந்த அதிர்ச்சி முதலில் தைத்தது இந்த ஒன்றரை ஷிப்டுக் கூலியைத்தான்.

ஏணியும் முன்போல் இல்லை. ஏற்றுமதிக்குத் தைக்க விரும்புகிறவன் இன்று அந்நியக் கம்பெனியின் பரிசோதகருக்குத் தீயணைப்புக் கருவி, அவசர வழி, கழிவறை, ஊதியப் பதிவேடு எல்லாவற்றையும் காட்டியாகவேண்டும். தொழிலாளிக்கு நன்மை தரும் விதிகள்தாம் இவை. நாலு மிஷினோடு வீட்டு முன்கட்டில் தொழில் தொடங்குவதை இவையே அசாத்தியமாக்கிவிட்டன. ஆயினும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த டெய்லர் ஒருவர், தம் ஊர்க்காரர்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, பீஸ் ரேட்டுக்கு ஒரு லைன் முழுவதையும் ஒப்பந்தம் எடுப்பது இப்போது சகஜமாகியிருக்கிறது. அவருக்கு ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் தெரியும். தமிழில் கூலி பேசத் தெரியும். பிள்ளையை இங்கேயுள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார். அறுபதுகளில் கைமடிக்க வந்த பையன்கள் முதலாளியாகும் முன் நின்ற படி அநேகமாக இதுவேதான். அவர்களுக்கு அடமானத்துக்கு ஊரில் தோட்டம் இருந்தது, கையெழுத்துப் போட மாமன் இருந்தார். இந்த டெய்லருக்கு ஜாமீன் நிற்கத் திருப்பூரில் இன்னும் ஒருவரும் முன்வரவில்லை.